ஈயக் குட்டையில் பெரிய கெவாங்: மீன் நடுவில் இல்லை, கரையோரத்தில்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து காஜா, கம்பார், மாலிம் நாவார் பக்கம் போனால், பழைய ஈயக் குட்டைகளின் கரையில் தூண்டிலோடு நிற்கும் நம்மவர்களைப் பார்க்கலாம். பலர் செய்வது ஒன்றுதான். கரை விளிம்பில் நின்றுகொண்டு, கெவாங்கைக் குட்டையின் நடுவே எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் வீசுவார்கள். இதில் மீன் கிடைப்பது குறைவு, ஆபத்து அதிகம்.

குட்டையின் அமைப்பு

1985-இல் ஈய விலை சரிந்த பிறகு கிந்தா பள்ளத்தாக்கில் பல சுரங்கங்கள் மூடப்பட்டன. தோண்டிய பள்ளங்களில் நீர் நிறைந்து குட்டைகளாயின. சாதாரண ஏரி மெல்லச் சரிந்து ஆழமாகும். ஈயக் குட்டையோ பல இடங்களில் இரண்டு மூன்று அடி வைத்ததும் சுவர் போல இறங்கிவிடும். சிறுமீன்கள் ஓரத்துப் புல்லிலும் விழுந்த மரங்களிலும் ஒதுங்கும். அவற்றைத் தேடி ‘இக்கான் ராஜா’ எனப்படும் பீக்காக் பாஸும் தோமானும் அந்தச் சுவரை ஒட்டியே சுற்றும்.

எப்படி வீசுவது?

விளிம்பிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி நில்லுங்கள். கரைக்கு இணையாக, ஓரத்திலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் விலகி கெவாங் விழட்டும். நடுவில் வீசினால், கரையை நெருங்கும் கடைசிச் சில மீட்டர்தான் மீன் இருக்கும் இடம். இணையாக வீசினால் இழுக்கும் தூரம் முழுவதும் மீனின் பாதை. உங்கள் நிழலும் நீரில் விழாது.

10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுள்ள கெவாங், அதன் எடையைத் தாங்கும் கம்பு, 30 பவுண்டு பின்னல் நூல், நுனியில் தடித்த தங்கூசி போதும். பெரிய இரைக்குக் கடி குறைவுதான். ஆனால் கடிப்பது பெரும்பாலும் நல்ல மீனாக இருக்கும். பீக்காக் பாஸ் கண்ணால் பார்த்து வேட்டையாடும் பகல் மீன். விடியற்காலை இருட்டில் அவசரப்பட வேண்டாம், வெளிச்சம் வரட்டும். இரையை வேகமாக, வெட்டி வெட்டி இழுங்கள். மீன் பின்தொடர்ந்தும் கடிக்காவிட்டால் நிறுத்தாதீர்கள், இன்னும் வேகம் கூட்டுங்கள்.

உயிரைவிடக் கெவாங் பெரிதல்ல

பெரிய கெவாங் விலை அதிகம். அது மரத்தில் சிக்கினால் எடுக்க நீரில் இறங்கத் தோன்றும். இறங்காதீர்கள். மணல் கரை காலடியில் சரிந்தால் நீச்சல் தெரிந்தவர்கூட மேலேற முடியாமல் போகலாம். நூலைக் கையில் சுற்றாமல், துணியில் சுற்றி இழுத்து அறுத்துவிடுங்கள். தனியாகப் போக வேண்டாம். மழை பெய்த மறுநாள் ஓரத்தை நெருங்க வேண்டாம். கயிறும் காலி நீர்க்கலனும் கையில் இருக்கட்டும். யாராவது விழுந்தால் குதிக்காமல் அவற்றை வீசுங்கள், 999-ஐ அழையுங்கள். குட்டை தனியார் நிலத்தில் இருந்தால் முதலில் அனுமதி கேளுங்கள்.

இரண்டு வேண்டுகோள்

செந்நிறக் குஞ்சுக் கூட்டம் நீர் மேல் வந்து மூச்சு வாங்குவதைக் கண்டால், தாய்த் தோமான் அடியில் காவல் இருக்கிறது. அதைப் பிடித்தால் குஞ்சுகளும் மற்ற மீன்களுக்கு இரையாகும், விட்டுவிடுங்கள். பீக்காக் பாஸோ தென் அமெரிக்காவிலிருந்து வந்த மீன், நம் ஆற்று மீன்களைத் தின்றுவிடும். பிடித்ததைக் குழம்பு வையுங்கள். உயிரோடு கொண்டுபோய் வேறு ஆற்றிலோ குட்டையிலோ விடாதீர்கள்.