துண்டுச் சீட்டுப் போதகர்

பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் கார்களுக்கு நடுவே குதிரை வண்டியில் போகிறார்கள் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. 1972-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அதற்கு வழிவிட்டது.

இவர்களுடையது மதமா, ஆளை வளைத்துப் பிடிக்கும் கும்பலா?

1978-ல் 900-க்கும் மேற்பட்டோர் மாண்ட ஜோன்ஸ்டவுனில் மதக் குழுத் தலைவர் ஜிம் ஜோன்ஸ் வைத்ததே சட்டம். ஆமிஷ்களிடம் அப்படியொரு தனித் தலைவர் இல்லை. போதகரைத் தேர்ந்தெடுக்க, பல பாட்டுப் புத்தகங்களில் ஒன்றுக்குள் துண்டுச் சீட்டு வைப்பார்கள். அதை எடுப்பவர்தான் போதகர். பாவம், சம்பளமும் கிடையாது! ஞானஸ்நானம் வளர்ந்த பிறகே, வேண்டாமென்றால் போய்விடலாம். கும்பல் என்பது பொருந்தாத பட்டம்தான்.

ஆனால் ஞானஸ்நானம் பெற்றபின் விலகினால் கதை வேறு. கண்டிப்பான சபைகளில், விலகியவர் பெற்ற தாயின் வீட்டுக்கு வந்தாலும் அவருக்குத் தனி மேசையில்தான் சாப்பாடு.