கண் பட்டதா, கிருமி பட்டதா?

தோட்டத்தில் என் பாட்டி நான்கு மாடுகள் வளர்த்து, லயத்து வீடுகளுக்குப் பால் ஊற்றி வந்தார். ஒரு நாள் காலை, லட்சுமி என்ற மாட்டின் மடி ஒரு பக்கம் கல்லாக இறுகியிருந்தது. கறந்த பால் திரிதிரியாக வந்தது. “யாரோ கண்ணு வெச்சுட்டாங்க” என்று பாட்டி மிளகாய் சுற்றிப் போட்டார். சில நாளில் வீக்கம் வடிந்தது. ஆனால் அந்தக் காம்பில் பிறகு பால் வரவே இல்லை. லட்சுமி மூன்று காம்பு மாடானது.

கால்நடை மருத்துவம் படிக்க வந்த பிறகே, அது மடிநோய் என்பதை அறிந்தேன்.

மடிநோய், பெரும்பாலும் பாக்டீரியா தொற்றால் பால்மடியில் ஏற்படும் அழற்சி. ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கிருமிகள், கறப்பவரின் கை, துணி வழியாக மாட்டுக்கு மாடு பரவுகின்றன. ஈ.கோலை போன்றவை சாணத்திலும் ஈரத்தரையிலும் காத்திருக்கின்றன. இவை நுழையும் வாசல் ஒன்றே: காம்பின் நுனித்துளை. கறந்து முடித்ததும் அத்துளை நன்றாக மூடிக்கொள்ள அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். ஆகவே, கறந்தவுடன் தீவனம் வைத்து மாட்டை நிற்க வைப்பது நல்லது. உடனே படுத்துவிட்டால் தரையிலுள்ள கிருமிகள் எளிதாக உள்ளே புகும்.

வீக்கமும் திரிந்த பாலும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் இந்நோய்க்கு மறைந்த நிலையும் உண்டு. பால் வெள்ளையாகவே இருக்கும்; அளவு மட்டும் மெல்லக் குறையும். இதைக் கண்டறிய 1957-இல் அறிமுகமான கலிபோர்னியா சோதனை இன்றும் கைகொடுக்கிறது. நான்கு காம்புகளின் பாலை நான்கு கிண்ணங்களில் தனித்தனியே எடுத்து, சம அளவு சோதனைத் திரவம் ஊற்றிச் சுழற்ற வேண்டும். கிருமியை எதிர்க்க வந்த வெள்ளை அணுக்கள் மிகுந்திருந்தால் பால் கூழாகக் கெட்டியாகும்.

சிகிச்சைக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக் மருந்தைக் காம்புத் துளை வழியாகச் செலுத்துவார்கள். மருத்துவர் சொன்ன நாள் முடியும்வரை அந்தப் பாலை விற்கவோ குடிக்கவோ கூடாது. காய்ச்சினாலும் மருந்தின் எச்சம் முழுமையாக அழிவதில்லை. மாடு தேறியதுபோல் தெரிந்தவுடன் மருந்தைப் பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும்.

தடுப்பு முறைகளுக்குச் செலவு அதிகமில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் தனித் துணி வையுங்கள். கறந்தபின் காம்புகளை அதற்கென உள்ள அயோடின் கரைசலில் நனையுங்கள். நோயுற்ற மாட்டைக் கடைசியாகக் கறவுங்கள்.

தனித் துணி என்று எழுதும்போதெல்லாம் எனக்குள் ஓர் உறுத்தல். அன்று நான்கு மாடுகளின் மடியையும் ஒரே ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தவன் நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது. பாட்டிக்கும் தெரியாது, சொல்லித்தரவும் ஆளில்லை.

நண்பர்களே, உங்கள் உறவினர் எவரேனும் இன்றும் மாடு வளர்த்தால், இதை அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். மிளகாய் சுற்றுவது அவரவர் நம்பிக்கை. சுற்றிய கையோடு கால்நடை மருத்துவரையும் அழைத்துவிடச் சொல்லுங்கள்.