எடை மேடையில் ஏறாதவர்கள்

கைபேசி வழியாக நடக்கும் எந்த நலவாழ்வு ஆய்விலும் முதலில் ஓர் அட்டவணை இருக்கும். பங்கேற்றவர்களின் வயது, பால், படிப்பு, உயரம், உடல் எடை எல்லாம் அதில் அடங்கும். ஆய்வின் முடிவு யாருக்குப் பொருந்தும் என்பதை அந்த அட்டவணைதான் சொல்கிறது.

தமிழகத்தில் இதற்கு நல்ல சான்று, சென்னை மருத்துவர் அ.ராமச்சந்திரன் குழு 2013-ல் லான்செட் குழும இதழில் வெளியிட்ட ஆய்வு. நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களுக்கு உணவு, நடைப்பயிற்சி பற்றிக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். 8,741 பேரைப் பரிசோதித்து 537 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் குறுஞ்செய்தி பெற்றவர்களில் 18 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 27 சதவீதத்தினருக்கும் நீரிழிவு வந்தது. செலவு குறைந்த வழியில் கிடைத்த பெரிய பலன் இது. ஆனால் அந்த 537 பேரும் ஆண்கள்; 35 முதல் 55 வயதுக்குட்பட்டவர்கள்; வேலைக்குப் போகிறவர்கள்.

அவர்களுக்கு வைத்த எடை வரம்பும் கவனிக்கத்தக்கது. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை குறியீட்டெண். மேலை நாடுகளில் 25-க்கு மேல் போனால்தான் அதிக எடை. இந்தியர்களுக்கு அதே எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு கூடுதலாகச் சேர்வதால் வரம்பு 23. மதுரை வீதியில் 165 செ.மீ. உயரமும் 63 கிலோ எடையும் உள்ளவரை யாரும் குண்டு என்று சொல்லமாட்டார்கள். பூசினாற்போல் இருக்கிறார் என்பார்கள். கணக்குப்படி அவர் வரம்பைத் தாண்டியவர்.

பெண்கள் நிலை என்ன? தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழகத்தில் 15–49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரின் குறியீட்டெண் 25-ஐ எட்டியிருந்தது. ஆண்களில் 37 சதவீதம். இணையத்தைப் பயன்படுத்தியவர்களோ பெண்களில் 46.9 சதவீதம், ஆண்களில் 70.2 சதவீதம். எடைச் சிக்கல் கூடுதலாக உள்ள பக்கத்தில்தான் இணையம் குறைவு. மதுரை மாவட்டத்தில் இப்படியோர் ஆய்வு நடப்பதாக வைத்துக்கொள்வோம். 2011 கணக்கெடுப்பின்படி அங்கே 1,000 ஆண்களுக்கு 990 பெண்கள். ஏறத்தாழ 39 சதவீதம் பேர் கிராமவாசிகள். செயலி வழியே மட்டும் ஆள் சேர்த்தால் நகரத்து அலுவலகக்காரர்கள் எளிதில் கிடைப்பார்கள். வீட்டின் ஒரே கைபேசி மகன் கையில் இருக்கும் உசிலம்பட்டித் தாய் கணக்கிலேயே வரமாட்டார்.

கைபேசி இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. தாமே எடையைப் பதிவு செய்கிறவர்கள் பொதுவாக எடையைக் குறைத்தும் உயரத்தைக் கூட்டியும் சொல்வார்கள். 152 செ.மீ. உயரமும் 58 கிலோவும் உள்ள பெண்ணின் குறியீட்டெண் 25.1. அவரே 155 செ.மீ., 56 கிலோ என்று பதிந்தால் அது 23.3 ஆகிவிடும். செருப்பைக் கழற்றச் சொல்லி, மேடையில் நிற்கவைத்து அளந்தால்தான் உண்மை தெரியும்.

வீடு தேடிப் போவது தமிழகத்துக்குப் புதிதல்ல. 2021 ஆகஸ்டு 5 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் அதைத்தான் செய்கிறது. மதுரை வட்டாரத்தில் அடுத்து ஆய்வு தொடங்குகிறவர்கள், செயலியோடு ஓர் எடைக்கருவியையும் உயர அளவுகோலையும் மேலூருக்கும் உசிலம்பட்டிக்கும் எடுத்துச் செல்ல வேண்டும்.