உங்களுக்குத் தெரியுமா? பெர்த்திலிருந்து ஒரே மூச்சில்

ஆஸ்திரேலியாவையும் ஐரோப்பாவையும் இடைநில்லாத பயணிகள் சேவையால் முதலில் இணைத்தது சிட்னி அல்ல, பெர்த்! 2018 மார்ச்சில் அங்கிருந்து புறப்பட்ட குவாண்டாஸ் விமான நிறுவனத்தின் போயிங் 787-9, சுமார் 14,500 கி.மீ. பறந்து 17 மணி நேரத்தில் லண்டனை அடைந்தது. ரோம், பாரிஸ் சேவைகள் பின்னர் வந்தன.

பெர்த்தின் துணிச்சல் இன்னும் பழையது. சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாகி வழக்கமான வான்வழி அடைபட்டிருந்த நிலையில், 1943 முதல் 1945 வரை, இதே குவாண்டாஸின் கேட்டலினா கடல் விமானங்கள் பெர்த்துக்கும் இலங்கையில் காலிக்கு அருகிலுள்ள கொக்கல ஏரிக்கும் இடையே பறந்தன. எரிபொருளின் கனத்தால் அதிகபட்சம் மூன்றே பயணிகள். எதிரிக்குத் தெரியாதிருக்க வானொலியும் மௌனம். நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டார்கள். ஏறத்தாழ 30 மணி நேரப் பயணத்தில் இரண்டு சூரிய உதயங்கள்! அதைக் கண்டவர்களுக்குச் சான்றிதழே வழங்கினார்கள்.