வயல்வெளியில் ஒரு பழைய கடற்கரை

சுங்கை பாக்காப்பிலிருந்து வடக்கே, பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையின் மறுகோடியில், கெப்பளா பத்தாஸை அடுத்த குவார் கெப்பாவில், கடல் பல கிலோமீட்டர் விலகிவிட்ட நிலத்திலே, பூர்வகால ஜனங்கள் சதையைத் தின்று எறிந்த சிப்பி ஓடுகள் மேடுமேடாகக் குவிந்திருந்தன என்று கேள்விப்படுகிறவர்களுக்கு, அவற்றை அத்தனை தூரம் சுமந்தா வந்தார்கள் என்ற சந்தேகம் எழுவது இயல்பே. சுமக்கவில்லை, அன்று கடலே அருகில் இருந்தது. ஹிமயுகத்துப் பனிப்பாளங்கள் பெரும்பாலும் உருகி முடிந்திருந்த சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன், மலாக்கா ஜலசந்தியின் நீர்மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் உயர்ந்து நின்றது; பின்னர், பனிப்பாரம் நீங்கிய பிரதேசங்களைச் சுற்றியிருந்த கடற்படுகை தாழ்ந்துபோனதால், பூமத்திய ரேகைப் பகுதியின் நீர் அத்திசை நோக்கி மெல்ல வடிய, மூடா நதி கொணர்ந்த வண்டலும் சேர்ந்து கரையை மேற்கே தள்ளிற்று. 1934-இல் டச்சு அறிஞர் வான் ஸ்டைன் காலன்ஃபெல்ஸ் அம்மேடுகளை அகழ்ந்தார். சிப்பிகளில் பெரும்பகுதியைச் சுண்ணாம்புக்காகச் சுட்டே தீர்த்துவிட்டார்கள் என்பதுதான் வருத்தம். அப்படியும் எஞ்சிய மண்ணிலிருந்து 2017-இல் 'பினாங்குப் பெண்' வெளிப்பட்டாள்: கைகளை மடக்கி, மட்பாண்டமும் கற்கருவியும் சிப்பிகளும் சூழக் கிடத்தப்பட்ட, 5,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட எலும்புக்கூடு.