கணவாய்க் காற்றும் ஓர் ஊராட்சியின் கணக்கும்

ஆயிரம் லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, இயற்பியல் கேட்கும் கூலி கால் யூனிட் மின்சாரத்துக்குச் சற்று மேல். அதில் பேரம் பேச முடியாது. பம்பும் மோட்டாரும் குழாயின் உராய்வும் தின்பது போக, நடைமுறையில் அது அரை யூனிட்டைத் தாண்டிவிடும். மேல்நிலைத் தொட்டி கட்டித் தெருவுக்குத் தெரு குழாய் போட்ட ஒவ்வோர் ஊராட்சியும் இந்தக் கூலியை மாதந்தவறாமல் கட்டுகிறது. தொட்டி கட்ட அரசுத் திட்டத்தில் பணம் வரும். திறப்பு விழாவுக்கு அமைச்சரும் வருவார். இ.பி. பில் கட்ட மட்டும் ஊராட்சிதான் வர வேண்டும்.

சின்ன ஊர்களின் கஜானா பெரும்பாலும் இங்கேதான் கரைகிறது. குடிநீர் மோட்டாரும் தெருவிளக்கும் ஒருநாளும் நிறுத்த முடியாத செலவுகள். வசதி பெருகப் பெருக பில்லும் பெருகும். நல்லது செய்த ஊராட்சிக்கே அபராதம் போல.

கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்து, நீலகிரி மலையடிவாரத்தில் இருக்கும் ஓடந்துறை ஊராட்சிக்கும் இதே நிலைதான் வந்தது. 1996 முதல் 2006 வரை இரண்டு முறை அங்கே தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம். குடிநீர்த் திட்டம் விரிந்தபோது மின்கட்டணமும் பல மடங்கு ஏறியது. வரியை ஏற்றலாம், குழாயைத் திறக்கும் நேரத்தைக் குறைக்கலாம், பாக்கி வைக்கலாம் என்பவைதான் வழக்கமான வழிகள். ஓடந்துறை கேட்ட கேள்வி வேறு: மின்சாரத்தை நாமே உண்டாக்கினால் என்ன?

முதலில் வந்தது மரம். 2003-இல் 9 கிலோவாட் மரவாயுக் கலன் ஒன்றை நிறுவி, குடிநீர் பம்பை அதில் ஓட்டினார்கள். இந்த வகைக் கலன் பார்ப்பதற்கு ஓர் இரும்பு உருளைதான். மேல்வழியாகக் கொட்டும் மரத்துண்டுகள் முதலில் காய்கின்றன. இன்னும் கீழே இறங்கினால் சூட்டில் வெந்து புகையும் கரியுமாகப் பிரிகின்றன. நடுவில் ஓர் இறுகிய கழுத்து. அங்கே வேண்டுமென்றே அளவு குறைத்துக் காற்றை விடுவார்கள். சூடு 1,000 டிகிரி செல்சியஸைத் தொடும். அதற்கும் கீழே தணலாக இருக்கும் கரி, இறங்கிவரும் கரியமில வாயுவிலிருந்தும் நீராவியிலிருந்தும் ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கிறது. மிஞ்சுவது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும். இரண்டுமே எரியும் வாயுக்கள். குளிரவைத்து, தாரும் தூசியும் போக வடிகட்டி எஞ்சினுக்குள் விட்டால் ஜெனரேட்டர் சுழலும். ஏறக்குறைய ஒரு கிலோ உலர்ந்த மரத்துக்கு ஒரு யூனிட் மின்சாரம். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது முதுகில் உருளையைச் சுமந்துகொண்டு நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய கரி பஸ்கள் இதே வேதியியலில்தான் ஓடின.

ஆனால் மரத்துண்டு தானாக வந்து விழாது. வாங்க வேண்டும், உலர்த்த வேண்டும், ஒருவர் நின்று கொட்ட வேண்டும். கழிவு என்று ஒதுக்கிய பொருளுக்கும், தேவை என்று தெரிந்துவிட்டால் விலை வந்துவிடும். எரிபொருளே கேட்காத இயந்திரம் ஒன்று வேண்டுமென்றால், அது காற்றாலை.

2006-இல் ஓடந்துறை வாங்கிய காற்றாலையின் திறன் 350 கிலோவாட். விலை 1.55 கோடி ரூபாய். ஊராட்சி சேர்த்து வைத்திருந்த 40 லட்சம் போக மீதி வங்கிக் கடன். ஆச்சரியம் என்னவென்றால், ஓடந்துறைக்குப் போனால் அந்தக் காற்றாலையைப் பார்க்க முடியாது. அது நின்றது ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தள்ளி, உடுமலைப்பேட்டைப் பக்கத்தில்.

காரணம் காற்றின் கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகும் காற்றில் சுமார் 75 வாட் ஆற்றல் இருக்கிறது. வேகம் 10 மீட்டர் ஆனால் 150 அல்ல, 600 வாட். வேகம் இரட்டிக்கும்போது ஒவ்வொரு கிலோ காற்றிலும் உள்ள ஆற்றல் நான்கு மடங்காகிறது. விநாடிக்குக் கடந்துபோகும் காற்றின் எடையும் இரு மடங்காகிறது. நான்கை இரண்டால் பெருக்கினால் எட்டு. அதில் அதிகபட்சம் 59.3 விழுக்காட்டைத்தான் எந்தச் சக்கரமும் பிடிக்க முடியும் என்று ஜெர்மன் இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் 1920-இல் காட்டினார். காற்றின் ஆற்றல் முழுவதையும் பிடித்தால் அது பின்னால் நகராமல் நின்றுவிடும். புதுக் காற்றுக்கு வழி ஏது? ஆகவே காற்றாலைக்கு இடம் பார்ப்பதில், கொஞ்சம் கூடுதல் வேகம் என்பது ஏகப்பட்ட கூடுதல் பணம்.

அந்த வேகம் பாலக்காட்டுக் கணவாயில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நீண்ட மதில். வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் நிற்க, நடுவே முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமான ஒரே ஒரு பெரிய வாசல். தென்மேற்குப் பருவக்காற்றில் ஒரு பகுதி மலையேறாமல் அந்த வாசலில் நெருக்கியடித்து நுழைந்து, கிழக்கே உடுமலை, பல்லடம் சமவெளிகளில் சீறிக்கொண்டு வெளியேறுகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிவைத்தவர்கள் எட்டு மடங்குக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

உடுமலையில் பிறக்கும் மின்சாரம் ஓடந்துறை மோட்டாருக்கு எப்படி வருகிறது? உண்மையில் வருவதே இல்லை. இது மணியார்டர் மாதிரி. இங்கே கட்டிய நோட்டு அங்கே போய்ச் சேருவதில்லை. அந்தத் தொகைதான் போய்ச் சேருகிறது. காற்றாலை தன் மின்சாரத்தைப் பொதுவான கம்பிப் பின்னலில் கொட்டுகிறது, மீட்டர் எண்ணுகிறது, மின்வாரியத்தின் ஏட்டில் ஊராட்சியின் பெயரில் வரவு ஏறுகிறது.

அப்படி ஏறியது ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட். 350 கிலோவாட் இயந்திரம் ஆண்டு முழுக்க முழு வேகத்தில் ஓடினால் 30 லட்சம் யூனிட்டைத் தாண்டியிருக்க வேண்டும். கிடைத்தது அதில் 22 விழுக்காடு. ஏமாற்றம் அல்ல, பருவக்காற்று நாலைந்து மாதம் வீசி, மற்ற மாதங்களில் அடங்கிக் கிடக்கும் நாட்டில் இதுதான் இயல்பு. ஊராட்சியின் தேவை அப்போது ஏறக்குறைய 4.5 லட்சம் யூனிட்தான். ஆகவே செலவு செய்த இடம் வருமானம் பார்க்கும் இடமாக மாறியது. மொத்த மின்சாரத்தின் அன்றைய மதிப்பு ஆண்டுக்குச் சுமார் 19 லட்சம் ரூபாய். வட்டியை ஒதுக்கிவிட்டால், போட்ட முதல் சுமார் எட்டு ஆண்டுகளில் திரும்பிவிடும் கணக்கு இது.

இதைப் பார்த்து ஊருக்கொரு காற்றாலை என்று கிளம்ப முடியாது. ஓடந்துறைக்குக் கணவாய் எட்டும் தூரத்தில் இருந்தது. ஓரிடத்து மின்சாரத்தை வேறிடத்துக் கணக்கில் வைக்க விதிகள் இடம் கொடுத்தன. கையில் சேமிப்பு இருந்ததால்தான் வங்கியின் முன்னால் போய் உட்கார முடிந்தது. இந்த மூன்றில் எது குறைந்திருந்தாலும் கதை நடந்திருக்காது. மற்ற ஊர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, பில்லைக் கட்டிவிட்டு மறந்துபோகாமல் எதற்காகக் கட்டுகிறோம் என்று பிரித்துப் பார்த்த பழக்கத்தை. சில ஊர்களில் அந்தப் பிரிப்பில் ஒழுகும் குழாய் அகப்படும். சில ஊர்களில் தேய்ந்த பம்பு அகப்படும். அவற்றைச் சரிசெய்யக் கோடிகள் தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. காற்றாலைகளைப் பொதுவாக 20 ஆண்டு ஆயுளுக்குத்தான் வடிவமைக்கிறார்கள். இறக்கைகளும் பல்சக்கரங்களும் தேயும். கடன் அடைந்த பிறகு வரும் பணம் கையில் புரளும்போது அதைச் செலவழிக்க ஆயிரம் நியாயமான காரணங்கள் கிடைக்கும். அதில் ஒரு பங்கை அடுத்த இயந்திரத்துக்கென்று ஆண்டுதோறும் எடுத்து வைக்கும் ஊராட்சிதான், வாங்கிய தலைவருக்குப் பின்னாலும் பில்லுக்குப் பயப்படாமல் இருக்கும்.