மகன் ஜெர்மனியில், சாவி அவன் பையில்

சரக்கு, விலை, வரி என்று பேசும் இந்த இதழில் இம்முறை என் வீட்டுச் சங்கதி ஒன்றை எழுதுகிறேன். கடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். அது போகப் போகத் தெரியும்.

விருதுநகரில் நாற்பது ஆண்டுகளாக வற்றல், மல்லி மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். என் படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. இளைய மகன் பொறியியல் முடித்து, மேல்படிப்புக்காக 2024 அக்டோபரில் ஜெர்மனியில் கெம்னிட்ஸ் என்ற ஊருக்குப் போனான். கிழக்கு ஜெர்மனி இருந்த காலத்தில் அந்த ஊருக்குக் கார்ல் மார்க்ஸ் நகரம் என்று பெயராம். 1990-ல் பழைய பெயருக்கே திரும்பிவிட்டார்கள்.

அங்கே கல்விக்கட்டணம் பெரிதாக இல்லை. ஆனால் ஒரு வருடச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே முடக்கிவைத்துக் காட்டினால்தான் விசா. 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. நம் பணத்தில் ஏறக்குறைய பதினோரு லட்சம். அதை மாதம் 992 யூரோ வீதம் பையனுக்கு விடுவிப்பார்கள். பணம் கட்டியாகிவிட்டது, இனி மாதாமாதம் கைக்கு வந்துவிடும் என்று நான் நிம்மதியாக இருந்தேன். வியாபாரியான எனக்கே ஒரு விஷயம் தோன்றவில்லை: பணம் வந்து விழ அங்கே ஒரு வங்கிக் கணக்கு வேண்டுமல்லவா?

அந்தக் கணக்கைத் திறக்கப் பல வங்கிகள் முகவரிப் பதிவுச் சான்று கேட்கின்றன. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியை நகராட்சியில் பதிய வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். அலுவலகத்தில் நேரம் குறித்து வாங்க வேண்டும். நேரத்தை இணையத்தில் குறிக்க வேண்டும். இணைய இணைப்புக்கு விண்ணப்பித்தால் மாதக் கட்டணம் பிடிக்க அந்த ஊர் வங்கிக் கணக்கு எண் கேட்கிறார்கள். சரி, கைப்பேசிக்கு ஒரு சிம்மாவது வாங்கலாம் என்றால், கடையில் சிம் கிடைக்கிறது, உயிர் பெறுவதில்லை. 2017 ஜூலை முதல் முன்பணச் சிம்முக்கும் அடையாளச் சோதனை கட்டாயம். அதைப் பெரும்பாலும் வீடியோ அழைப்பில் செய்கிறார்கள். பாஸ்போர்ட்டைக் கேமரா முன் சாய்த்துக் காட்டச் சொல்வார்களாம். வீடியோ அழைப்புக்கு இணையம் வேண்டும். இணையத்துக்குத்தானே சிம் வாங்கினோம் என்று பையன் கேட்டிருக்கிறான். பக்கத்து அறைப் பையன் தன் கைப்பேசியிலிருந்து இணைப்புக் கொடுத்து உதவினான்.

அடுத்தது பெயர்த் தகராறு. நமக்கெல்லாம் தகப்பன் பெயரின் முதல் எழுத்து, அதன்பின் சொந்தப் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருப்பதால் அங்கே என் பெயரை எழுதியிருந்தோம். ஜெர்மனியில் குடும்பப் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். ஆகவே நான் கால்வைக்காத ஊரில், எனக்குத் தெரியாத அலுவலகங்களிலிருந்து, திரு என்ற மரியாதையோடு என் பெயருக்குக் கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன. அங்கே அடுக்குமாடி வீடுகளுக்கு நம் ஊர் போலக் கதவு எண் எழுதும் வழக்கம் அரிது. தபால் பெட்டியில் ஒட்டிய பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் போடுவார். பையன் தன் பெயரை மட்டும் ஒட்டியிருந்தான். வங்கி அட்டை வந்த கடிதம், ஆள் இல்லை என்று திரும்பிப் போய்விட்டது. அட்டை ஒரு கடிதத்திலும் ரகசிய எண் வேறொரு கடிதத்திலும் வரும் என்பதால், எண் மட்டும் கையில் இருந்தது, அட்டை இல்லை. பூட்டு இல்லாத சாவி மாதிரி.

இத்தனையும் முடிய ஆறு வாரம் ஆயிற்று. அதுவரை நான் கையில் கொடுத்தனுப்பிய 600 யூரோவில் காலம் ஓட்டியிருக்கிறான். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் அம்மாதான், "ஏன் இவன் எப்பப் பேசினாலும் கோட்டுப் போட்டுக்கிட்டே பேசுறான்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். குளிர் தேசம், அப்படித்தான் இருக்கும் என்று நான் சொன்னேன். நூலகம் மூடிய பிறகு, பல்கலைக்கழகத்தின் வைஃபை எட்டுகிற வாசல் ஓரத்தில் நின்றுகொண்டு பேசியிருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது.

மின்சாமான்கள் விஷயத்தில் குற்றம் என் பேரில். எல்லா நாட்டுக்கும் பொருந்தும் என்று ஒரு அடாப்டரும், சட்னிக்காக ஒரு மிக்சியும் வாங்கிக் கொடுத்தேன். அங்கும் 230 வோல்ட்தான். மிக்சிக்குக் கெடுதல் இல்லை. ஆனால் அந்த ஊர்ச் சுவிட்ச்போர்டில் பிளக் சொருகும் இடம் கிண்ணம் போல வட்டமாகக் குழிந்திருக்கும். சதுர அடாப்டர் குழிக்குள் இறங்கவில்லை. எதிர்க்கடைக்காரர் நல்லவர், எந்த நாடு என்று நான் சொல்லியிருந்தால் சரியான சாமானைக் கொடுத்திருப்பார். பையன் அங்கே வேறு வாங்கி மிக்சியைப் போட்ட நாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு அமைதி நாள் என்று கீழ்வீட்டு அம்மாள் வந்து கதவைத் தட்டிவிட்டார். அங்கே ஞாயிற்றுக்கிழமை கடைகளும் பெரும்பாலும் மூடித்தான் இருக்க வேண்டும், சட்டமே அப்படி. நம்மில் சிலருக்கு இதைக் கேட்டால் பொறாமையாக இருக்கும்.

இன்னும் இரண்டு செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளை அங்கே அனுப்புகிறவர்களுக்குப் பயன்படும். ஒன்று, ஒளிபரப்புக் கட்டணம். வீட்டில் டி.வி., ரேடியோ எதுவும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கட்டியாக வேண்டும். 2021 முதல் அந்தத் தொகை. என் மகன் முதல் கடிதத்தை மோசடிக் கடிதம் என்று நினைத்துக் கிழித்துப் போட்டான். தாமதக் கட்டணத்தோடு இரண்டாவது கடிதம் வந்தது. மூன்று பேர் ஒரே வீட்டில் இருந்தால் சேர்ந்து ஒரு கட்டணம் கட்டினால் போதும். அதுவும் பிறகுதான் தெரிந்தது. இரண்டாவது, படம் பார்ப்பது. இங்கே சந்தா கட்டிய சினிமாச் செயலி அங்கே போனால் பல படங்களைக் காட்டாது. அதற்காகத் திருட்டுத்தனமாகப் பதிவிறக்கம் செய்தால், இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு வக்கீல் நோட்டீஸ் வரும். பல நூறு யூரோ கேட்பார்கள். அவனோடு படிக்கும் பையன் ஒருவனுக்கு அப்படி வந்து, மூன்று மாத வாடகையை ஒத்த பணத்துக்கு வழி தேடி அலைந்தான்.

இனி கடைக்கு வருகிறேன்.

மகன் கல்லூரியில் படிக்கும்போதே கடையின் கம்ப்யூட்டர் வேலை முழுவதும் அவன் கையில். ஜி.எஸ்.டி. பதிவிலும் இ-வே பில்லிலும் அவன் கைப்பேசி எண்ணைத்தான் கொடுத்திருந்தோம். அவன் போன பிறகும் கணக்குப்பிள்ளை பாஸ்வேர்டு போட்டு பில் எடுத்துக்கொண்டிருந்தார், ஒன்றும் குறையில்லை. இ-வே பில்லுக்குள் நுழைய ஓ.டி.பி. கட்டாயம் என்ற முறையைப் பெரிய நிறுவனங்களில் தொடங்கி, 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் கொண்டுவந்தார்கள். அறிவிப்பு முன்பே வந்திருந்தது. படித்து வைத்துவிட்டு மறந்தது நாங்கள்தான்.

ஏப்ரல் 2, பகல் மூன்று மணி. கொல்லத்துக்கு 80 மூட்டை வற்றல், 2,400 கிலோ, லாரியில் ஏற்றித் தார்ப்பாய் கட்டியாகிவிட்டது. கணக்குப்பிள்ளை பாஸ்வேர்டு போட்டார். பதிவு செய்த எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பியிருப்பதாகத் திரையில் வந்தது. அந்த எண் கெம்னிட்ஸில் இருக்கிறது.

மகனைக் கூப்பிட்டோம். எடுக்கவில்லை. விடுமுறையில் ஒரு கிடங்கில் பகுதிநேர வேலை பார்த்துவந்தான். வேலை முடியும்வரை கைப்பேசி பெட்டியில் பூட்டியிருக்க வேண்டும். அவர்கள் நேரம் நமக்கு மூன்றரை மணி பின்னால். மாநிலம் தாண்டும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கைப் பில் இல்லாமல் அனுப்பிப் பிடிபட்டால் வரியைப் போல் இரண்டு மடங்கு அபராதம். "போயிரலாம் அண்ணாச்சி, ராத்திரிதானே" என்றார் டிரைவர். நான் சம்மதிக்கவில்லை.

இரவு ஒன்பதரைக்கு மகன் பேசினான். அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் காலம் முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டதாம். சிம்மைக் கழற்றி மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறான். யாரைக் குறை சொல்ல? அந்த எண்ணில் யாரும் அவனைக் கூப்பிடுவதில்லை. நான் இங்கிருந்து ரீசார்ஜ் செய்தேன். அவன் அறைக்கு ஓடிப்போய் சிம்மைப் போட்டான். சிக்னல் இல்லை. வெளிநாட்டு ரோமிங் வசதியை அந்த எண்ணில் இயக்கவே இல்லை. அதைச் செயலியில் இயக்கலாம் என்று நுழைந்தால், நுழைவதற்கு ஓ.டி.பி. கேட்டது. அந்த ஓ.டி.பி.யும் அதே எண்ணுக்கு!

கிணற்றுக்குள் விழுந்த வாளியை எடுக்க அதே வாளியைத் தேடினது போல ஆயிற்று. கடைசியில் சேவை மையத்தோடு நான் மல்லுக்கட்டிப் பேசி, பதினொன்றே காலுக்கு அவன் கைப்பேசி மணி அடித்தது. வீட்டுக்குப் போயிருந்த கணக்குப்பிள்ளை மறுபடி வந்து பில் எடுக்கப் பன்னிரண்டு ஆகிவிட்டது. லாரி கொல்லம் சேர்ந்தபோது அன்றைய வியாபாரம் முடிந்திருந்தது. இருபத்திரண்டு வருடப் பார்ட்டி. கடுமையாக ஒன்றும் பேசவில்லை, கிலோவுக்கு 3 ரூபாய் மட்டும் குறைத்துக்கொண்டார். அது 7,200. லாரி ஹால்டிங் 2,000. ஆக 9,200 ரூபாய் பற்று.

பேரேட்டில் எழுத முடியாத பற்று ஒன்றும் உண்டு. அன்று இரவு கோபத்தில், "ஒரு சிம்மைக் கூட ஒழுங்கா வச்சிருக்கத் தெரியலை, நீ என்ன படிச்சு என்ன" என்று சொல்லிவிட்டேன். அவன் பதில் பேசவில்லை. "நீங்க சாப்பிட்டீங்களா அப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டான். அவன் காலையிலிருந்து நின்றுகொண்டே பெட்டி அடுக்கிவிட்டு வந்தவன், அவன் சாப்பிட்டிருக்கவில்லை என்பது மறுநாள் அவன் அம்மா சொல்லித் தெரிந்தது.

யோசித்துப் பார்த்தால், கல்லாச் சாவியை ஒருவன் சட்டைப் பையில் போட்டு வெளியூர் அனுப்புவோமா? கைப்பேசி எண் இன்று அந்தச் சாவிதான். கடையின் சாவியும் பையனின் சாவியும் ஒரே வளையத்தில் கிடந்தன. பாதிப்பு எங்களுக்கு மட்டும் இல்லை. இங்கே உள்ள அவன் வங்கிக் கணக்குக்கு வரும் ஓ.டி.பி.யும் அந்த மாத்திரை டப்பாவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. வெளிநாட்டு எண்ணிலேயே யு.பி.ஐ. பயன்படுத்தும் வசதியை 2023-ல் பத்து நாடுகளுக்கு அறிவித்தார்கள். அந்தப் பத்தில் ஜெர்மனி இல்லை. படிக்கப் போன பிள்ளையும் சட்டப்படி வெளிநாடு வாழ் இந்தியர் கணக்கில் வருவதால், பழைய சேமிப்புக் கணக்கை அதற்குரிய வகைக்கு மாற்ற வேண்டும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. கிளம்பும் முன்பு வங்கி மேலாளரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அந்த வாரமே கடைப் பதிவில் என் எண்ணைக் கொடுத்தோம். எண் மாற்றுவது பெரிய திருத்தம் அல்ல, அதிகாரி ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இ-வே பில்லில் கணக்குப்பிள்ளை பேரில் தனியாக ஒரு துணைப் பயனர் கணக்கும் ஏற்படுத்தி, அதற்கு அவர் எண்ணையே கொடுத்தாயிற்று. நம் உறுப்பினர்களில் எத்தனை பேர் கடை, மருமகன் எண்ணிலும் ஆடிட்டர் அலுவலகப் பையன் எண்ணிலும் ஓடிக்கொண்டிருக்கிறதோ! இந்த இதழை மூடிவைத்துவிட்டு ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மகனின் எண்ணுக்கு, பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள வருடத் திட்டம் போட்டிருக்கிறேன். நெட் இல்லாத இத்தகைய திட்டங்களைத் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. அதில் 365 நாள் வரை காலம் தரலாம். ரோமிங்கும் இயக்கியாகிவிட்டது. சிம் இப்போது அவன் கைப்பேசியின் இரண்டாவது அறையில் இருக்கிறது. ரீசார்ஜ் முடியும் தேதியைக் கடைக் காலண்டரில், லாரி வாடகைத் தேதிகளுக்குப் பக்கத்தில், சிவப்பு மையால் குறித்து வைத்திருக்கிறேன். நான் இரவு கடை அடைத்து வந்து பேசும்போது அவன் இப்போது அறைக்குள் உட்கார்ந்தே பேசுகிறான். முதலில் நான்தான் கேட்கிறேன், சாப்பிட்டாயா என்று.